இந்த ஊர் தண்ணி அப்படித்தானா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்வீட்டு வாசலில் பழைய இரும்பு எடுக்கிற தம்பியின் வண்டி நின்றது. உள்ளேயிருந்து ஒரு 25 லிட்டர் கீசரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது மாதிரி துரு வழிந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஏழு வருடத்தில் அவர் வீட்டை விட்டுப் போகிற மூன்றாவது கீசர் இது.

"என்ன வாத்தியார் சார், மறுபடியுமா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பிளம்பர் பதில் சொல்லிவிட்டார். "இந்த ஊர் தண்ணி அப்படித்தான் சார். போர் தண்ணி, உப்பு. கம்பெனிக்காரனையும் குத்தம் சொல்ல முடியாது, நம்மளையும் குத்தம் சொல்ல முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பொய்கைக்கரைப்பட்டியிலிருந்து புதூர் வரை எத்தனை பேர் வீட்டில் எத்தனை கீசரை மாற்றியிருப்பார்கள்! யாரையும் குற்றம் சொல்ல முடியாதாம். குற்றவாளி தண்ணீர். தண்ணீர் வந்து சாட்சி சொல்லாது, எதிர்த்தும் பேசாது. கேஸ் முடிந்தது, புது கீசருக்குப் பில் போடு.

இன்றைய பதிவு இதைப் பற்றித்தான். கொஞ்சம் கோபமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் கப்பல் இன்ஜின் ரூமில் காலம் தள்ளியவன். அழகர் மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கப்பல் கதை சொல்கிறானே என்று சிலர் கேலி செய்வதுண்டு. நம்ம ஊரில் படகு என்றால் மாசி மாதத் தெப்பம்தான். அதில் வெந்நீர் போடுகிற வேலை கிடையாது. ஆனால் வாத்தியார் வீட்டுக் கீசரைப் பார்த்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு படகின் வெந்நீர்த் தொட்டிதான். அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துறைமுகத்தில் சில மாதம் இழுவைப் படகில் இருந்தேன். டக் என்போம். பெரிய கப்பலைக் கயிறு போட்டு இழுத்துக் கரையணைக்கிற குட்டிப் படகு. ஆளுக்குச் சின்னது, இன்ஜினுக்குப் பெரியது. அதில் ஆட்கள் குளிக்க ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. இன்ஜின் ஓடும்போது அதைக் குளிர்விக்கிற தண்ணீர் சூடாகி வரும் அல்லவா, அது தொட்டிக்குள் இருக்கிற சுருள் குழாய் வழியாகப் போய்த் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும். கரையில் கட்டியிருக்கும்போது கரண்டு ஹீட்டர். அந்தத் தொட்டி இரண்டு வருடத்தில் மூன்று தடவை ஓட்டையாகி மாற்றியிருந்தார்கள். நான் போன நேரம் மூன்றாவது தொட்டியும் துருவேறி, அடித்தகடு சொதசொதவென்று இருந்தது.

மேலதிகாரி வந்து பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதே மிகை, வாசலில் நின்றார். "கடல்ல கிடந்தா துருப்பிடிக்காம என்ன செய்யும்? நாலாவதுக்கு எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே ஃபிட்டர் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அதிகம் படித்தவர் இல்லை. அவர் தொட்டியைச் சுற்றி ஒரு முறை கையால் தடவிவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, கடல் படகைச் சுத்தி எல்லாப் பக்கமும் இருக்கு. துரு மட்டும் ஏன் ஒரு பக்கமா இருக்கு?"

நாற்பது வருடம் ஆயிற்று, அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. எல்லாப் பக்கமும் இருக்கிற ஒன்று, ஒரு பக்கம் மட்டும் இருக்கிற சேதத்துக்குக் காரணமாக முடியாது. குறைந்தபட்சம் அது மட்டுமே காரணமாக முடியாது.

அண்ணாச்சி தொட்டியின் மேல் போர்வையைக் கிழித்தார். சூடு போகாமல் இருக்கச் சுற்றியிருக்கிற கண்ணாடிப் பஞ்சு. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. அடியில் துரு என்று எல்லோரும் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிறந்த இடமோ மேலே. பிரஷர் கூடினால் திறந்துகொள்கிற சேஃப்டி வால்வு மேலே இருந்தது. தண்ணீர் சூடானால் விரியும், வால்வு சொட்டும், அது அதன் வேலை. அந்தச் சொட்டை வெளியே கொண்டுபோகிற குழாய் உடைந்தபின் யாரும் திரும்பப் போடவில்லை. சொட்டுச் சொட்டாகத் தொட்டியின் மேலேயே விழுந்து, பஞ்சுக்குள் இறங்கி, எல்லாப் பக்கமும் ஓடி, கடைசியில் அடியில் வந்து தேங்கியிருக்கிறது. ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரும்பு நாள் முழுக்கச் சூட்டில் வெந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. எஃகுத் தொட்டியில் நேராகச் செம்பு எல்போவைத் திருகியிருந்தார்கள். அந்த மரைக்குப் பக்கத்தில் இரும்பு அரித்துத் தின்னப்பட்டிருந்தது, செம்பு மேல் ஒரு கீறல் இல்லை. இன்னொரு பக்கம், மெக்னீசியம் தண்டு இருக்கவேண்டிய துளையில் ஒரு பித்தளை அடைப்பான். தண்டு கரைந்து தீர்ந்ததும் எவரோ "ஓட்டையை அடைத்துவிட்டோம்" என்று திருப்தியாக அடைத்திருக்கிறார். படகின் வெளிப்பக்கத்தில், தண்ணீருக்குக் கீழே இருக்கிற துத்தநாகக் கட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருந்ததையும் பிறகு பார்த்தோம். பாதுகாக்க வைத்த உலோகத்தையே பெயின்ட் அடித்துப் பாதுகாத்திருக்கிறார்கள்! அதற்குமேல் சிரிக்கத்தான் வேண்டும்.

இந்தத் தண்டும் கட்டியும் எதற்கு என்று ஓரிரு வரி. இரண்டு வேறு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. அதில் ஒன்று கரையும், மற்றது பிழைக்கும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தால் கரைவது துத்தநாகம். மெக்னீசியம் எல்லாவற்றுக்கும் முன்னால் தன்னைக் கொடுத்துவிடும். அதனால்தான் தொட்டிக்குள் வேண்டுமென்றே ஒரு மெக்னீசியம் தண்டை வைக்கிறார்கள். நீ முதலில் கரை, தொட்டி நிற்கட்டும் என்று. பலி கொடுக்க வைத்த ஆடு தீர்ந்தபின் அடுத்து யார் தலை உருளும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. மரத்தைப் புழு தின்னாமல் இருப்பதற்காக. கப்பல் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் போய்த் திரும்பியதும் பார்த்தார்கள். தகடு நன்றாக இருந்தது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் புதுசு மாதிரியே இருந்தன. ஏன் என்று தேடினால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவில் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு காகிதத் தடுப்பு! அதே கடல், அதே ஆணி, அதே செம்பு. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒட்டவைத்தால் செம்பு கரையாது என்று காட்டினார். மெக்னீசியம் தண்டுக்குத் தாத்தா அதுதான். அன்றைக்கும் "கடல் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரோ ஒருவர் கரையாத ஆணியையும் உற்றுப் பார்த்தார்.

வாத்தியார் வீட்டுக்கு வருகிறேன்.

பழைய இரும்புத் தம்பியை நிறுத்தி, அவன் கொடுத்த விலைக்கு மேல் ஐம்பது ரூபாய் போட்டு அந்தக் கீசரை என் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மொட்டை மாடியில் வைத்து ரம்பத்தால் வெளித்தகட்டை அறுத்தேன். "கப்பல்ல இருந்தப்பவும் இப்படித்தான் இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தீகளா?" என்று வீட்டம்மா ஒரு பாட்டுப் பாடினாள். ஆமாம் என்றேன்.

குளிர்ந்த தண்ணீர் உள்ளே வருகிற பக்கம் ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. சூடான தண்ணீர் வெளியே போகிற பக்கம்தான் ஆரம்பம். அங்கே பித்தளை நிப்பிள் ஒன்றை நேராகத் தொட்டியின் மரையில் முறுக்கியிருந்தார்கள். டெஃப்லான் டேப் கோணல்மாணலாக. அந்த மரையில் மயிரிழைக் கசிவு. பித்தளை மேல் பச்சைக் களிம்பு, அதற்கு அடுத்து இரும்பில் செந்துரு, அங்கிருந்து அடிப்பக்கம் முழுக்க வழிசல். இரண்டு வாசலிலும் ஒரே தண்ணீர்தான் சார் ஓடியது! அண்ணாச்சியின் கேள்வி அங்கேயும் நின்றது.

சூட்டில் அரிப்பு வேகம் கூடும் என்பது உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் சூடு எல்லா ஊர்க் கீசரிலும் சூடுதான்.

மெக்னீசியம் தண்டைக் கழற்றினேன். தண்டு எங்கே? நடுவில் இருக்கிற கம்பி மட்டும் நின்றது, நுனியில் கொய்யாக்காய் விதை அளவு ஏதோ ஒட்டிக்கொண்டு. இது தீர்ந்து எத்தனை மாதமோ. ஏழு வருடத்தில், மூன்று கீசரில், ஒரு தடவை கூட இதைக் கழற்றிப் பார்த்ததில்லை. கீசரோடு வந்த அட்டையில் தண்டை அவ்வப்போது பார்த்து மாற்றச் சொல்லிப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. என் வீட்டுக் கீசர் அட்டையிலும் இருக்கிறது. தண்டு சில நூறு ரூபாய். கீசர் பல ஆயிரம். எதை மாற்றினால் யாருக்கு லாபம் என்று கணக்கு வாத்தியாருக்கே நான் கணக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

சேஃப்டி வால்வைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வால்வின் வாயில் ஒரு மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அது சொட்டிக்கிட்டே இருந்துச்சு சார், அம்மாதான் தரை ஈரமாகுதுன்னு சொன்னாங்க" என்றார் பிளம்பர். படகில் சொட்டு போகக் குழாய் இல்லை. இங்கே சொட்டையே அடைத்துவிட்டார்கள். தெர்மோஸ்டாட் மட்டும் ஒரு நாள் மாட்டிக்கொண்டு நிற்காமல் சூடேறியிருந்தால் அந்தத் தொட்டி குளியலறையில் ஒரு வெடிகுண்டு. மூடி போட்டவருக்கும் தெரியாது, போடச் சொன்னவருக்கும் தெரியாது.

கடைசியாகச் சூடேற்றுகிற காயில். அதன் மேல் சுண்ணாம்பு ஒரு விரல் கனம். சுரண்டினால் உறையில் ஒரு வெடிப்பு. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இந்த நிலையிலும் காயில் சூடாகும், வெந்நீர் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கரண்டு கொஞ்சம் தண்ணீருக்குள் கசியும்.

அப்போதுதான் எனக்கு மார்கழியில் நடந்தது உறைத்தது. வாத்தியார் வீட்டம்மா கோலம் போட்டுவிட்டு எழுந்தவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, குளிக்கையில குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குண்ணே. சார்கிட்ட சொன்னா நரம்புத் தளர்ச்சிங்கறாரு." நானும் அப்போது வைட்டமின் மாத்திரை பற்றி ஏதோ சொன்னேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நாற்பது வருடம் கப்பல் கரண்டோடு பழகிய நான் மாத்திரை சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கீசர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினான். மூன்று ஓட்டை சாக்கெட். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த்து இருக்கிற மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். வீட்டின் பின் பாதி பிற்பாடு கட்டியது. அந்தப் பாதிக்கு எர்த்து இழுக்கவே இல்லை. கசிவு வந்தால் சட்டென்று கட் ஆகிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் வீட்டில் இல்லை. ஆக, கசிகிற கரண்டுக்குப் பூமிக்குப் போக இருந்த ஒரே வழி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் தொடுகிற அந்த அம்மா.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சொல்லுங்கள், இதில் தண்ணீர் என்ன செய்தது? வெடிப்பு விட்டதில் தண்ணீருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. எர்த்து ஒயரைத் தண்ணீரா திருடியது? வால்வுக்கு மூடி போட்டது தண்ணீரா? புதுக் கீசரை அதே ஆணியில், அதே நிப்பிளோடு, அதே ஒயர் இல்லாத சாக்கெட்டில் மாட்டப் போனார்கள். "இந்த ஊர் தண்ணி அப்படித்தான்" என்ற வாக்கியத்தின் ஆபத்து அதுதான். பணம் போவது சின்ன விஷயம். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள்.

சரி, தண்ணீரைப் பற்றியும் பேசிவிடுவோம். நாம் 'உப்புத் தண்ணி' என்று ஒரே வார்த்தையில் இரண்டு வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். சோப்பு நுரைக்காதது, பாத்திரத்தில் வெள்ளை படிவது, காயிலில் சுண்ணாம்பு கட்டுவது, இதெல்லாம் கடினத்தன்மை; கால்சியமும் மெக்னீசியமும். நாக்கில் கரிப்பது குளோரைடு. இரும்பை அரிப்பதில் முக்கியமான கை குளோரைடுடையது. கடினத் தண்ணீர் காயிலைக் கெடுக்கும், சுண்ணாம்பு போர்த்தினால் உள்ளே சூடு அடைபட்டு உறை வெடிக்கும். ஆனால் அதே சுண்ணாம்புப் படிவு தொட்டிச் சுவரில் மெல்லிசாக ஒட்டினால் இரும்புக்குக் கொஞ்சம் காப்பாகக்கூட இருக்கும். ரொம்ப மென்மையான தண்ணீர்தான் வெறும் உலோகத்தை அதிகம் அரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 கூட இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கச் சொல்கிறது: மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 600 வரை, குளோரைடு 250, வேறு வழியில்லை என்றால் 1000 வரை. உங்கள் போர் தண்ணீரில் எது எவ்வளவு என்று யாராவது அளந்து சொல்லியிருக்கிறார்களா? அளக்காமல் "உப்பு சார்" என்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

இந்தக் குழப்பத்தில் ஒரு வியாபாரம் நடக்கிறது. துருப்பிடிக்கிறது என்று போனால் ஐம்பதாயிரத்துக்குத் தண்ணீரை மென்மையாக்குகிற மெஷின் வைக்கச் சொல்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். குளோரைடைத் தொடாது. சுண்ணாம்பு குறையும், தலைமுடிக்கு நல்லது, சந்தோஷம். ஆனால் துருவுக்கு அது மருந்து இல்லை. மென்மையாக்கிய தண்ணீரில் மெக்னீசியம் தண்டு இன்னும் சீக்கிரம் கரையும். மெஷின் வைத்தவர்கள்தான் தண்டை அடிக்கடி பார்க்கவேண்டும். இதை எந்தக் கடைக்காரர் உங்களிடம் சொன்னார்?

என் பாட்டி வீட்டில் செம்பு வெந்நீர் பாய்லர் இருந்தது. நடுவில் கரி போடுகிற குழாய், கீழே பித்தளைத் திருகு. நம்மில் பல பேர் வீட்டில் இருந்திருக்கும். இதே சுற்றுவட்டாரத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். இரண்டு தலைமுறை ஓடியது. பாட்டி மாதத்துக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்ப்பாள், ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் பித்தளைப் பாத்திரத்தை எடுத்து வைப்பாள். எந்த உலோகத்துக்கு என்ன பண்டுவம் என்று அந்த வீட்டில் தெரிந்திருந்தது. செம்பும் எஃகும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும், அதைக் கொண்டு கீசரை மட்டம் தட்ட வரவில்லை. பாட்டி "இந்த ஊர் தண்ணி அப்படித்தான்" என்று சொல்லி ஒரு பாத்திரத்தையும் தூக்கி எறிந்ததில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மலைக்கு மேலேயே பாருங்களேன். நம்ம அழகரின் உற்சவர் திருமேனி அபரஞ்சித் தங்கம். அவருக்குத் திருமஞ்சனம் நூபுர கங்கைத் தீர்த்தத்தில் மட்டும்தான். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கருத்துவிடும் என்பார்கள். பக்திக்கு நான் உலோக சாஸ்திரம் கொண்டுவந்து சாட்சி வைக்கப் போவதில்லை, அது தேவையும் இல்லை. ஆனால் எந்த உலோகத்துக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டு, அதற்காக மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதி வரை போய்த் தீர்த்தம் கொண்டுவருகிற ஊர் இது. அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு எஃகுக்குப் பக்கத்தில் பித்தளையை முறுக்குகிறவனைப் பார்த்து, ஏனப்பா இது என்று நாம் கேட்பதில்லை.

ஆராய்ச்சிக்கும் தூரம் போகவேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான பாடங்களில் ஒன்று. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்கவே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்தது. நாட்டிலேயே இரும்புக்கு ஆகாத காற்று அங்கே. "இந்தக் கடல் அப்படித்தான்" என்று விட்டிருந்தால் பத்து வருடத்தில் கதை முடிந்திருக்கும். வருடம் தவறாமல் சுரண்டி, பெயின்ட் அடித்து, தகடு மாற்றி நூறு வருடத்துக்கு மேல் ரயில் விட்டார்கள். 2022 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதி அரித்துவிட்டது என்று அளந்து பார்த்துத்தான் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. நடுக்கடலில் நூறு வருடம் நிறுத்தத் தெரிந்த நமக்கு, குளியலறையில் பத்து வருடம் நிறுத்தத் தெரியவில்லை.

பிளம்பரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கீசர் மாட்டினால் கூலி உண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்த்தால் கூலி உண்டா? "பார்த்ததுக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்கிறவர்கள் நாம்தான். நமக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி, இருதயத்துக்கு எக்கோ, எல்லாவற்றையும் ஃபைலில் தேதி வாரியாக வைத்திருக்கிறோம். டாக்டர் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதினால் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறோம். கீசருக்கு மட்டும் வாசலில் நின்று வைத்தியம் பார்த்தால் போதுமா? பார்ப்பதற்கு முந்நூறு ரூபாய் கொடுங்கள். கொடுத்தால் பார்ப்பார்கள்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் சுவிட்சை அணைத்து, மெயினையும் அணைத்துவிடுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம். கீசரின் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எந்தப் பேப்பர் முதலில் நனைகிறது என்று பாருங்கள். நிறத்தையும் பாருங்கள்: பச்சை என்றால் செம்பு, பித்தளை, வெள்ளைப் பொடி என்றால் சுண்ணாம்போ துத்தநாகமோ, காவி என்றால் இரும்பு. சூடாகும்போது மட்டும் வால்வு சொட்டினால் அது வியாதி இல்லை, அந்தச் சொட்டுக்கு ஒரு குழாய் போட்டுச் சாக்கடையில் விடுங்கள், அடைக்காதீர்கள். தண்டை வருடம் ஒரு தடவை கழற்றச் சொல்லுங்கள். எஃகுக்கும் பித்தளைக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட இணைப்பு கேளுங்கள். குழாயைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை கீசரைப் போடாதீர்கள். வீட்டம்மா சொல்வதை நரம்புத் தளர்ச்சி என்று தள்ளாதீர்கள். இது எனக்கும் சேர்த்துத்தான்.

வாத்தியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எர்த்துக் குழி தோண்டினோம். பின்பக்கம் கருவேப்பிலை மரத்தடியில். கரியும் உப்பும் போட்டு ஒயர் இழுத்தாகிவிட்டது, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று வாத்தியார் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். பிரேக்கர் மாட்டியாகிவிட்டது. அதே பிளம்பர்தான் வந்து புதுக் கீசரை மாட்டினார். முதலில் முறைப்பாக இருந்தார். நான் அறுத்து வைத்த பழைய தொட்டியைக் காட்டியதும் குனிந்து அந்த நிப்பிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சூடு போற பக்கம் மட்டும் போயிருக்கேண்ணே" என்று அவராகவே சொன்னார். போகும்போது பழைய தண்டுக் கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், அடுத்த வீட்டில் காட்டுவதற்காம்.

புதுக் கீசரின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் பெரிதாகத் தேதி எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் இதே மாதம் தண்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும். நான் மறந்தால் வாத்தியார் ஞாபகப்படுத்துவார், அவர் மறந்தால் அந்த அம்மா.